‘பாரடைம்’ என்னுஞ் சொல்லாராய்ச்சி

இக்காலத்துத் தத்துவக் கட்டுரைகளில் பெரிதும் பயிலும் ஆங்கிலச் சொற்களுள் ‘பாரடைம்’ என்பது ஒன்று. ‘சைவ சித்தாந்தம் ஒரு பாரடைம், மாயாவாதம் மற்றொரு பாரடைம், ஒன்றில் நின்றுகொண்டு மற்றொன்றை மறுத்தல் பொருந்தாது’ என்று கூறுவாரும் உளர். இக்கூற்று நடுநிலை போலத் தோன்றும். ஆயின் இதனை ஒப்பின், சிவஞான சித்தியாரின் பரபக்கம் முழுவதும் வீண்முயற்சி என்பது தானே போதரும். ஆகலின் அச்சொல்லின் பொருள் யாது, அப்பொருள் இம்முடிபிற்கு இடந்தருமோ என்பன ஆராயற்பாலன.

இச்சொல் கிரேக்க மொழியில் ‘பராதெய்க்மா’ என வழங்கியது. பக்கத்தே வைத்துக் காட்டப்படுவது என்பது அதன் உறுப்புப் பொருள். பிளேட்டோ தமது திமேயஸ் என்னும் நூலில், உலகை ஆக்கும் தெய்வத் தச்சன் நோக்கிச் செய்தற்குரிய என்றுமுள்ள மூலப்படிவத்தை இச்சொல்லாற் குறித்தனர். அரிஸ்டாட்டிலோ தமது சொல்லாற்றல் நூலில் இதனை வாதமுறை ஒன்றற்குப் பெயராக்கினர். தியோனிசியஸ் மெய்காவற்படை வேண்டுகின்றான். முன்னர்ப் பிசிஸ்திராத்தஸும் அதனை வேண்டிப் பெற்றுக் கொடுங்கோலனாயினான். ஆதலின் இவன் கருத்தும் அதுவே என்று துணிவித்தல் அவர் காட்டிய வாதம். அறிந்த ஒன்றைக் காட்டி அதனோடொத்த அறியாத ஒன்றைத் துணிவிப்பது இது. சைவ நூல் பயின்றார்க்கு ‘மலை நெருப்புடைத்து, புகையுடைமையின், அடுக்களை போல’ என்புழி வரும் அடுக்களை உடனே நினைவுக்கு வரும். இரண்டற்கும் வேறுபாடும் உண்டு. நம் தருக்க நூலார் எடுத்துக்காட்டினைப் புகையும் நெருப்பும் யாண்டும் உடனிகழும் என்னும் வியாத்தியைக் காட்டுதற்குக் கொண்டனர். அரிஸ்டாட்டில் கூறியதோ, ஒரு கூற்றினின்று அதனோடொத்த பிறிதொரு கூற்றிற்குச் செல்லும் வழி.

பின்னர் இலத்தீன் இலக்கணத்தார் இச்சொல்லை வினைத்திரிபு காட்டும் அட்டவணைக்கு வழங்கினர். ‘அமோ, அமாஸ், அமத்’ என ஒரு வினையைத் திரித்துக் காட்டின், அவ்வினத்து ஏனை வினைகளையும் மாணாக்கன் தானே திரித்துக்கொள்வான். தமிழிலக்கணம் இதனை வாய்பாடு என்னும். ‘செய்து’ என்னும் வாய்பாட்டால் உண்டு, வந்து, நடந்து என்பனவெல்லாம் அடங்குகின்றன. தேமா, புளிமா என்பனவும் அவ்வாறே. ஆங்கிலத்தில் இச்சொல் நெடுங்காலம் இவ்விரு பொருளிலுமே, அஃதாவது எடுத்துக்காட்டு, வாய்பாடு என்னும் பொருளிலேயே நின்றது. (அச்சொல்லின் ஈற்றயல் நின்ற ககர ஒலி ஆங்கிலத்தில் எழுத்தளவில் நின்று ஒலியாது ஒழியும், ‘பாரடிக்மாட்டிக்’ என்னும் பெயரடையில் மீண்டும் ஒலிக்கும். ‘பாரடிக்ம்’ எனத் தமிழில் எழுதுவார் இதனை நோக்குக.)

இற்றை வழக்கிற்குக் காரணமாயது, அமெரிக்க அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் 1962-இல் வெளியிட்ட ‘அறிவியற் புரட்சிகளின் அமைப்பு’ என்னும் நூல். அவர் இலக்கண வாய்பாட்டினின்றே தொடங்கி, அறிவியலில் இச்சொல் அங்ஙனம் இயந்திரம் போலப் படியெடுத்தற்கு உரியதன்று, நீதிமன்றத்து முன்தீர்ப்புப் போலப் புதிய வழக்குகளில் மேலும் விரித்துக் கொள்ளுதற்கு உரியது என்றனர். இது நுண்ணிய விளக்கமே. ஆயின் நூல் செல்லச் செல்ல அச்சொல் கட்டவிழ்ந்தது. கோட்பாடு, கருவி, நோக்கு, ஒரு கூட்டத்தார் நம்பிக்கை அனைத்தும் அதன்கண் புகுந்தன. கேம்பிரிட்ஜ் அறிஞர் மார்கரெட் மாஸ்டர்மன் அம்மையார், கூன்பால் மதிப்புடையராயிருந்தே, அந்நூலில் அச்சொல் 21 பொருளிற் குறையாது வழங்கியுள்ளது என எண்ணிக் காட்டினர். அவ்வாராய்ச்சி 1970-இல் அச்சாயிற்று.

கூன் இக்குறையை மறைத்தாரல்லர். 1969-இல் எழுதி அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பிற் சேர்த்த பின்னுரையில், பொருள்களை இரண்டாகப் பகுத்தனர். ஒரு துறையார் பொதுவிற் கொண்ட நம்பிக்கை, மதிப்பு, செய்முறை ஆகியவற்றின் தொகுதி ஒன்று. அத்தொகுதியுள் ஓருறுப்பாய், பிற வினாக்களை விடுவித்தற்கு வழிகாட்டும் முன் விடுவித்த வினா மற்றொன்று. இரண்டாவதே தத்துவ நோக்கில் ஆழமுடையது என்றும் கூறினர். சரிவில் உருளும் உருண்டை எதிர்ச்சரிவில் முன்னுயரமே ஏறும் எனக் கலிலியோ கண்டனர். ஊசலும் அத்தன்மைத்து என்றனர். அவ்வொப்புமையைப் பற்றி ஹைகன்ஸ் பருப்பொருள் ஊசலின் கணக்கை விடுவித்தனர். தானியல் பெர்னூலி துளைவழிப் பாயும் நீரின் கணக்கையும் விடுவித்தனர். விதி ஒன்றனைச் சொல்லாமலே ஒன்று மற்றொன்று போலக் காணப்பட்டது. இதுவே பராதெய்க்மாவின் பழம்பொருள்.

இனி, ‘ஒன்றில் நின்று மற்றொன்றை மறுத்தல் பொருந்தாது’ என்பார் தமக்குத் துணையாகக் கொள்வது, இரு பாரடைம்களுக்குப் பொது அளவுகோல் இல்லை என்னும் கூனின் கொள்கை. அவ்வுவமை வடிவகணிதத்தினின்றும் வந்தது. சதுரத்தின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் மிச்சமின்றி அளக்கும் பொது அலகு இல்லை. அற்றேல் அவ்விரண்டையும் ஒப்பிடலாகாதோவெனின், ஆகும். மூலைவிட்டமே நெடிது என்பது யாவரும் அறிவர். எவ்வளவு நெடிது என்பதனையும் வேண்டிய நுண்மை அளவிற்குக் கூறலாம். பொது அலகின்மை ஒப்பீடின்மை ஆகாது எனக் கூனும் பிற்காலத்துப் பலமுறை விளக்கினர். ஆகவே அவர் மறுத்ததனையே அவர் பெயரால் நாட்டுதல் முறையன்று.

அருணந்தி சிவாசாரியார் செய்தது யாது? பதினான்கு புறச்சமயங்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றன் கொள்கையையும் முதற்கண் அவர் கூறுமாறே நிறுத்தி, பின்னர் மறுத்தனர். உலகாயதன் காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்பவன். அவனுக்கு ஆகமத்தைக் காட்டி மறுத்தல் பயனின்று. அவனோடு வாதிடுவார்க்கு முதல் வழக்கு அளவை பற்றியதே. சுபக்கமும் அளவை இலக்கணத்தையே முன்வைத்துத் தொடங்குகின்றது. அளவையில் மாறுபடுவாரோடும் அளவையைப் பற்றியே பேசலாம் என்பது அந்நூலின் துணிபு. இதனை ‘வேறு வேறு பாரடைம்’ என்னும் ஒரு சொல்லால் அடைத்துவிடுவோர், பரபக்கத்தை மறுத்தாரல்லர், படியாது விடுத்தாரே யாவர். மெய்கண்டார் மறுக்கப்பட வேண்டுமாயின் அவர் ஏதுக்களை எடுத்து மறுத்தல் வேண்டும். அஃது அவர்க்குச் செய்யும் மரியாதையுமாம்.

சித்தாந்தம் முழுவதையும் பாரடைம் எனல், பின்னுரையின் முதற்பொருளை நோக்கினும் தளர்ந்த வழக்கே. கூன் அதனை ஆய்வுத்துறையார் கூட்டத்திற்குக் கூறினரன்றிச் சமயத்திற்குக் கூறினரல்லர். இரண்டாம் பொருளுக்கோ சைவ நூலினுள்ளேயே இடமுண்டு. சிவஞானபோதம் 12 சூத்திரங்களை 39 அதிகரணங்களாக்கி, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என நிறுத்துகின்றது. எடுத்துக்காட்டு வெண்பாக்கள் 81. அவையெல்லாம் உவமையே கூறுவன அல்ல; பல ஏதுவையே விரிப்பன. எனினும் அப்பெயர் நோக்கற்பாலது.

மொழிபெயர்ப்பார் சட்டகம், கருத்தியல், முன்மாதிரி எனப் பலவாறு எழுதுகின்றனர். கருத்தியல் என்பது முற்றும் பொருந்தாது. அது வேறொரு சொல்லுக்கு உரியது. இலக்கணத்தில் வாய்பாடு என்றும், கூனின் ஆழ்ந்த பொருளில் எடுத்துக்காட்டு என்றும், தொகுதிப் பொருளில் துறைமரபு என்றும் இடம் நோக்கி எழுதின், மூன்றும் ஒன்றோடொன்று மயங்கா.