மருத்துவ ஆய்வுரையின் தெளிவும் நம்பகமும்: 1959ஆம் ஆண்டுச் சென்னைக் காசநோய் ஆய்வறிக்கையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தன் முடிவுக்கு எதிராக நிற்கும் சான்றையும் முடிவின் எல்லையையும் வாசகர் காணும் இடத்தில் வைக்கும் ஆய்வுரையே நம்பகம் பெறுகிறது என்பதை 1959இல் வெளிவந்த சென்னைக் காசநோய் ஆய்வறிக்கையைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. நன்னூல் கூறும் எழுவகை மதமும் நூற்குற்றங்களும் மதிப்பீட்டுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

முன்னுரை

கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியாயினும் பிற கல்லூரியாயினும், எம்.டி., எம்.எஸ். பயில்வோர் ஆய்வேடு எழுதுதல் கட்டாயமாகும். மருத்துவ ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் கட்டுரை வெளியீடு ஒரு தகுதியாகக் கொள்ளப்படுகிறது. எனவே எழுதக் கற்பிக்கும் வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. அறிமுகம், முறை, முடிவு, விவாதம் என்னும் நான்கு பகுதிக் கட்டமைப்பை அவை கற்பிக்கின்றன. இக்கட்டமைப்பு பிழையின்றி அமைந்தும் ஓர் உரை நம்பத்தகாததாய் இருக்கக்கூடும். ஆகவே நம்பகம் உரையின் எவ்விடத்தில் பிறக்கிறது என்னும் வினா எஞ்சுகிறது. அவ்வினாவுக்கு விடை தேட, சென்னையிலேயே எழுந்து உலகக் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய அறிக்கையொன்று தக்க சான்றாகும்.

அறிக்கையின் பின்புலம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டுமுயற்சியால் 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. சேத்துப்பட்டில் இயங்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சியாகும். காசநோயாளரைச் சானடோரியத்தில் தங்கவைத்து, ஓய்வும் நல்லுணவும் அளித்தலே உரிய சிகிச்சை என்னும் கருத்து அக்காலத்தில் வலுவாக இருந்தது. நோயாளர் தொகைக்கு ஏற்பப் படுக்கைகளோ இல்லை. மருந்தை வீட்டிலிருந்தே உட்கொண்டால் போதுமா என்பதே மையம் எடுத்துக்கொண்ட வினா.

நகரின் ஏழ்மை மிக்க, நெருக்கமான பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளர் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றொரு பிரிவினர் சானடோரியத்திலும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஆகிய மருந்துகளை ஓராண்டு பெற்றனர். இவ்வொப்பீட்டின் அறிக்கை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 94 பக்க அளவில் வெளிவந்தது.

மாறுகோளும் துணிபும்

நன்னூல் எழுவகை மதங்களுள் ஒன்றாக, இருவர் மாறுபடக் கொண்ட பொருளில் ஒன்றைத் துணிதலைக் கூறும். இவ்வறிக்கை அவ்வகையது. அவ்வாறு துணிபவர் தாம் தள்ளும் பக்கத்தின் வலிமையைக் குறைத்துக் காட்டாதிருத்தல் வேண்டும். சானடோரியத்தில் இருந்தோருக்கு ஓய்வு, போதிய உணவு, செவிலியர் கவனிப்பு, மேற்பார்வையுடன் மருந்து உட்கொள்ளல் ஆகிய நன்மைகள் இருந்ததை அறிக்கை வெளிப்படையாகக் கூறுகிறது. அவர்களே மிகுதியாக உடல் எடை கூடினர் என்பதையும் பதிவு செய்கிறது. இத்தனை நன்மைகள் இருந்தும் வீட்டுச் சிகிச்சையின் பயன் அதனோடு ஒப்பிடத்தக்கதாய் இருந்தது என்னும் முடிவு அதன்பின் வருகிறது. எதிர்ச்சான்று முடிவைத் தளர்த்தவில்லை. சானடோரியத்தின் சார்பில் எழக்கூடிய மறுப்பு முன்னரே எதிர்கொள்ளப்பட்டுவிட்டதால் முடிவு உறுதி பெறுகிறது.

நீளமும் இங்கு எண்ணத்தக்கது. சுருங்கச் சொல்லலை அழகென்னும் நன்னூல், குன்றக் கூறலைக் குற்றங்களுள் முதலில் வைக்கிறது. வாசகர் தாமே சரிபார்ப்பதற்கு வேண்டிய தரவை விட்டுவிட்டுச் சுருக்கினால் அழகு குற்றமாகிவிடும். 94 பக்கங்களை மிகைபடக் கூறலாகக் கொள்ள இயலாமைக்குக் காரணம் இதுவே.

எல்லையிடுதல்

அறிக்கையின் முடிவு நிபந்தனையோடு கூடியது. போதிய மருத்துவச் சேவை அமைக்கப்படுமாயின், பெரும்பான்மை நோயாளர்க்கு வீட்டிலேயே சிகிச்சை அளிக்கலாம் என்பதே அதன் கூற்று. ‘போதிய சேவை’ என்னும் நிபந்தனையை நீக்கி மேற்கோள் காட்டினால், மருத்துவமனை தேவையில்லை என்னும் வேறொரு கூற்று பிறந்துவிடும். காலத்தாலும் கூற்று எல்லைப்பட்டது. வீட்டில் உடன் வாழ்ந்த குடும்பத்தினர்க்கு நோய் மிகுதியாகப் பரவியதா என்பதற்கு ஓராண்டுத் தரவு முழு விடை தராது. ஐந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவுகள் 1966இல் அதே இதழில் தனிக்கட்டுரைகளாக வெளியாயின. நோயாளரை ஓராண்டு பிரித்துவைத்ததால் குடும்பத்தினர்க்குக் கூடுதல் பாதுகாப்பு கிட்டவில்லை என்பது அதன்பின்னரே உறுதியாயிற்று.

எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை வெளியிடுதலும் இப்பண்பைச் சார்ந்ததே. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். வயது வந்தோரின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகத் தடுப்பூசி பாதுகாப்பு அளிக்கவில்லை என 1979இல் அதன் முதல் அறிக்கை கூறியது. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவும் 1999இல் வெளியிடப்பட்டது. உழைப்பின் அளவைக் காட்டி முடிவை அழகுபடுத்தாமை இங்குக் காணத்தக்கது.

அறிக்கையின் குறை

1959ஆம் ஆண்டு அறிக்கை குறையற்றதன்று. ஏறத்தாழ நூறு பேர் கொண்ட இரு பிரிவுகளை வைத்து ‘ஒப்பிடத்தக்கது’ எனும்போது, எவ்வளவு வேறுபாடு வரை பொறுத்துக்கொள்ளத்தக்கது என்னும் அளவு தேவைப்படுகிறது. அதனை முன்கூட்டியே வரையறுத்து அறிவிக்கும் வழக்கம் அக்காலத்தில் உருப்பெறவில்லை. சமவாய்ப்பு ஆய்வுகளை எழுதுவதற்கான கன்சார்ட் நெறி 1996இலும், ஒரு சிகிச்சை மற்றொன்றினும் தாழ்ந்ததன்று என நிறுவும் ஆய்வுகளுக்குரிய அதன் விரிவாக்கம் 2006இலும் வந்தன. சூழலாலும் காலத்தாலும் தன் கூற்றுக்கு எல்லையிட்ட அறிக்கை, அளவால் அவ்வாறு எல்லையிடவில்லை. இன்று எழுதுவோர் இவ்வறிக்கையின் நேர்மையோடு இந்த அளவு வரையறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழாய்வுக்கு இதன் பொருத்தம்

மேற்கண்ட அளவுகோல் மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைக் கொண்டு, இன்றைய மருத்துவ உண்மைகள் அன்றே அறியப்பட்டிருந்தன என நிறுவ முயலும் கட்டுரைகள் தமிழாய்வுலகில் தொடர்ந்து எழுதப்படுகின்றன. அளவறிந்து உண்ணல் பற்றிய குறள்கள் அவற்றில் எடுத்தாளப்படும். அவ்வதிகாரம் வளி முதலிய மூன்றன் மிகுதியும் குறைவும் நோய் செய்யும் என்னும் கொள்கையோடு தொடங்குவதும், அக்கொள்கை இன்றைய நோயியலோடு பொருந்தாமையும் பேசப்படுவதில்லை. அதனைப் பேசினால் குறளின் சிறப்பு குறையாது. உணவு பற்றிய கூற்று எத்தகைய மருத்துவச் சிந்தனைக்குள் பிறந்தது என்பது விளங்கும். கட்டுரையும் புகழுரை நிலையிலிருந்து ஆய்வுரை நிலைக்கு உயரும்.

முடிவுரை

மருத்துவ ஆய்வுரையின் பிழை நோயாளியின் உடலில் விளைவது. அதனால் அத்துறை தன் எழுத்துக்குக் கடுமையான நெறிகளை வகுத்துக்கொண்டது. சென்னை அறிக்கையின் நம்பகம் தள்ளப்பட்ட தரப்பின் வலிமையை உரைத்தல், சரிபார்க்கத்தக்க தரவைத் தருதல், முடிவை நிபந்தனையோடு கூறுதல், திறந்திருந்த வினாவைப் பின்னர் முடித்துவைத்தல் ஆகிய நான்கால் அமைந்தது. கட்டுரையை மதிப்பிடுவோர், ‘இம்முடிவுக்கு எதிரான சான்று எப்பக்கத்தில் உள்ளது?’ என்னும் வினாவை முதலில் எழுப்புவாராயின், எழுதுவோர் அதனை மனத்திற்கொண்டே எழுதத் தொடங்குவர்.