சுரங்கம் மூடிய பிறகு யார் கதை?

2018லும் 2022லும் வந்த 'கே.ஜி.எஃப்.' படங்களில் கோலார் தங்கவயல் ஒரு துப்பாக்கி நாயகனின் சாம்ராஜ்யம். அங்கே குழியிறங்கி உழைத்த வடாற்காட்டு, சித்தூர்ச் சேரி மக்களின் வரலாற்றுக்கு அதில் இடமில்லை. பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) இந்த இருட்டடிப்பைப் புரட்டிப் போட்டது. மண்ணும் எங்களுது, தோண்டினதும் எங்காளுங்கன்னு உரக்கச் சொன்னது. அந்த வகையில் அது நம்ம படம்தான்.

என் விமர்சனம் வேறு. சுரங்கத்துக்குள் போன வரலாற்றைத் தேடுகிற நாம், வெளியே தள்ளப்பட்ட வரலாற்றை இன்னும் பதிவு செய்யவில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஒரு தொழில் செத்தால் தொழிலாளி வேறு தொழிலுக்கு மாறிக்கொள்வான் என்று பொருளாதாரம் எளிதாக எழுதிவிடும். எதிலிருந்து எதுக்கு மாறினான்? சாம்பியன் ரீஃபில் 3000 மீட்டருக்கும் கீழே, பாறை முறியும் சத்தத்தை வைத்தே ஆபத்தை அறிந்த காது, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் எதுக்கு ஒதவும்? விடியக்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறி கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் துப்புரவுக்கும் போனார்கள். கற்ற தொழில் சுரங்கத்தோடு நின்றுபோனது. கூடவே வந்தவை இரண்டு: நெஞ்சில் படிந்த பாறைத்தூசி, ஊரறிந்த சாதி.

போனது கூலி மட்டுமில்லை. சுரங்கத்தில் சாதி இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. அடிக்குழி வேலை நம்மவர்க்கு, அதிகாரம் வெள்ளையருக்கு என்றுதான் இருந்தது. ஆனாலும் ஒரே இடத்தில் திரண்டிருந்தார்கள். அதனால்தான் 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலையை நிறுத்த முடிந்தது. அயோத்திதாசர் 1914இல் மறைந்த பின், அவருடைய 'தமிழன்' ஜி. அப்பாதுரையார் பொறுப்பில் 1926இல் அங்கிருந்தே மீண்டும் வெளிவர முடிந்தது. வேலையிழப்பை வெறும் வறுமைக் கணக்காகப் பார்க்கும் இடதுசாரி விமர்சகர்களுக்கு இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை. ஆளுக்கொரு காண்ட்ராக்டரிடம் சிதறிக் கிடப்பவர்கள் எங்கே கூடுவார்கள்? எதை அச்சடிப்பார்கள்?

தங்கவயல் தோழர்களே, நாவலாகத்தான் எழுதணும்னு இல்லை. 2001 மார்ச்சுக்குப் பிறகு முதலில் கெடச்ச வேலை என்ன, கூலி எவ்வளவு, யார் சேர்த்துவிட்டது, மேஸ்திரி என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டான் — அதை எழுதுங்கள். குழியிறங்காத பெண்கள் எந்த வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாத்தினார்கள் என்றும் எழுதுங்கள். அந்தச் சாட்சியங்கள் இல்லாவிட்டால் நம்முடைய அடுத்த படமும் பொன் கிடைத்த இடத்தோடு முடிந்துவிடும்.