நான்கு ஜோடிக் கொம்புகள்

வண்ணத்துப்பூச்சிப் புழுவின் படத்தை அனுப்பி "இது என்ன?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்தச் செடியில் பார்த்தீர்கள் என்பதைத்தான். பலரிடமிருந்து பதில் வருவதில்லை. பின்னணியைக் கறுப்பாக்கி, இலையின் ஓரம்கூடத் தெரியாமல் வெட்டிய படம். ரோமம் ரோமமாகத் தெரிகிறது. புழு வாழ்ந்த இடம் காணோம்.

எருக்கில் பிளெயின் டைகர், கொடிப்பாலையில் புளூ டைகர், அரளியில் காமன் குரோ. செடி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதியைக் கொம்புகள் சொல்லும். புளூ டைகருக்கு இரண்டு ஜோடி, பிளெயின் டைகருக்கும் ஸ்ட்ரைப்டு டைகருக்கும் மூன்று, காமன் குரோவுக்கு நான்கு. மூன்று ஜோடிக்காரர்களிடம்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பிளெயின் டைகரின் உடம்பில் வெள்ளையும் கறுப்புமாகக் குறுக்கு வளையங்கள், முதுகின் இருபுறமும் தடித்த மஞ்சள் திட்டுகள். ஸ்ட்ரைப்டு டைகரோ கருத்த உடம்புக்காரர். அதில் நீலம் பாய்ந்த வெள்ளைப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும். அவரை நஞ்சறுப்பான் இனத்துக் கொடிகளில் தேட வேண்டும்.

என் மனம் நிற்பது காமன் குரோவிடம். நண்பர்கள் சிலருக்குக் கறிவேப்பிலையில் வளரும் காமன் மார்மன்தான் உயர்த்தி. முதலில் பறவை எச்சம் போலவும் பிறகு இலைப் பச்சையாகவும் அது போடும் வேடம் சாமர்த்தியமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் குரோவுக்கு ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. கருமையும் வெண்மையும் மாறி மாறி வரும் வளையங்கள், பக்கவாட்டில் நீளமாக ஓடும் ஆரஞ்சுப் பட்டை, இவற்றோடு பட்டப்பகலில் இலை மேல் கிடக்கும். கொம்புகள் அமைந்திருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். முதல் இரண்டு ஜோடியும் தலைக்குப் பின்னால் அடுத்தடுத்த கணுக்களில் நெருங்கி நிற்கும். மூன்றாவது சற்றுத் தள்ளி. பிறகு நீண்ட வெற்றுடம்பு, வாலருகே நான்காவது. சீரான இடைவெளியில் வைத்திருந்தால் இந்த அழகு வராது. அது தின்னும் முறையும் பார்க்க வேண்டியது: முதலில் நரம்பைக் கடித்துப் பால் வடிவதை நிறுத்தும், பிறகுதான் இலையைத் தொடும்.

அரளி நஞ்சைச் சேர்த்து வைத்துத்தான் இந்தத் தைரியம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 1983-இல் மால்கமும் மிரியம் ராத்ஸ்சைல்டும் ஆராய்ந்தபோது கூட்டுப்புழுவிலும் வண்ணத்துப்பூச்சியிலும் அந்த நஞ்சு இல்லை. ஆண் பூச்சிகள் தேள்கொடுக்கிலும் கிலுகிலுப்பையிலும் தேடிப் பெறுவது வேறு வகை நஞ்சு. அரளிக் கதையை இனியாவது விட்டுவிடலாம்.

டேவிட்சன், பெல், எய்ட்கன் மூவரும் வட கன்னட மாவட்டத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1896-97-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதியதைப் படித்த பிறகு, இன்றைய குறிப்புகள் பல எனக்கு ருசிப்பதில்லை. அவர்கள் புழுக்களை வளர்த்துப் பார்த்தவர்கள். எது எந்தச் செடியைத் தின்றது என்று அறிந்து எழுதினார்கள். இன்று ஒரு செடியில் புழு உட்கார்ந்திருந்தாலே அதை உணவுச்செடிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். கூட்டுப்புழுவாக இடம் தேடி அலையும் புழு வேலிக்கம்பத்திலும்தான் ஏறும்.

கொடிப்பாலை படர்ந்த உயிர்வேலிகள் போய் மதில்கள் வந்துவிட்டன. நல்லவேளையாக, தேசிய நெடுஞ்சாலைகளின் நடுவே வரிசையாக அரளி நட்டிருக்கிறார்கள். நன்னாரியும் ஆலும் அத்தியும்கூடக் குரோவுக்கு ஆகும் என்பதால் அதன் பாடு பரவாயில்லை. புளூ டைகருக்கு அந்த வசதி இல்லை. வீட்டைச் சுற்றித் துளி இடமிருந்தால் ஒரு கொடிப்பாலையை ஏற்றிவிடுங்கள். புழுவைப் படமெடுக்கும்போது அது தின்றுகொண்டிருக்கும் இலையையும் சேர்த்து எடுங்கள்.