ஐம்பதா, பிளஸ்ஸா?

சன்ஸ்கிரீன் வாங்கப் போனால் உங்கள் கண் முதலில் எங்கே போகும்? எஸ்.பி.எஃப். நம்பருக்குத்தான். 30-ஐவிட 50 பெரிசு, விலையும் பெரிசு. பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் பார்த்தேன். சருமத்தைச் சிவக்கவைக்கிற யு.வி.பி. கதிரில் 30 தடுப்பது சுமார் 97 சதவிகிதம். 50 தடுப்பது 98. இதற்கா இத்தனை அலட்டல்?

சுருக்கம் விழவைக்கிற முக்கிய ஆசாமி வேறு. யு.வி.ஏ. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உங்கள் ஆபீஸ் மேஜைக்கே வந்துவிடும். அதற்கு எதிரான பலத்தைச் சொல்வது 'பி.ஏ.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிளஸ் குறிகள். ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த முறை. நாலு பிளஸ் உச்சம். 'இளமை' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இதை மட்டும் பொடி எழுத்தில் போடுவது ஏனோ!

அடுத்த கூத்து, அளவு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். ஒரு கிராமுக்குக் குறையாது. அப்படியானால் 50 கிராம் டியூப் ஒன்றரை மாசத்தில் தீர்ந்தாக வேண்டும். நம் வீடுகளில் அது அடுத்த தீபாவளியையும் பார்த்துவிடும். பட்டாணி அளவு தடவிவிட்டு ஐம்பதுக்குக் காசு கொடுப்பது வீண் செலவு சார்.

ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 1992-ல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். ஒரு கோஷ்டி தினமும் பூசியது, இன்னொன்று இஷ்டப்பட்டபோது. நாலரை வருஷத்தில் தினமும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவிகிதம் குறைவு என்று 2013-ல் எழுதினார்கள். அவர்களுக்குக் கொடுத்தது யு.வி.ஏ.வையும் தடுக்கிற, எஸ்.பி.எஃப். 15-ஐ ஒட்டிய ரகம்தான்!

போன வாரம் மூன்று பிளஸ் டியூப் ஒன்று வாங்கினேன். அதன் மேல் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதிவைத்திருக்கிறேன்.