அலை விளிம்பின் எலிப்பூச்சி

சென்னைக் கடற்கரையில் உனக்கு மிகப் பிடித்த உயிர் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். எலிப்பூச்சிதான்! அலை ஏறி இறங்கும் இடத்தில் ஈர மணலை ஒரு கை அள்ளினால் போதும், விரலிடுக்கில் குறுகுறுவென்று பின்பக்கமாகவே துளைத்துக்கொண்டு ஓடும். முட்டை வடிவ உடம்பு, மணலின் சாம்பல் நிறம், கடிக்கக் கொடுக்கே கிடையாது. கீழே விட்டால் கண்மூடித் திறப்பதற்குள் மணலுக்குள் மறைந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதே இல்லை.

இதன் பேரினம் எமெரிட்டா. 1767-ல் லின்னேயஸ் இதை மற்ற நண்டுகளோடு சேர்த்துப் பெயரிட்டார்; 1777-ல் ஸ்கோபோலி தனிப் பேரினமாகப் பிரித்தார். பிரித்தது எவ்வளவு சரி! இது அசல் நண்டே இல்லை. சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள் அடங்கிய அனோமுரா பிரிவில், ஹிப்பிடே குடும்பத்தில் வருகிறது. அதே குடும்பத்து ஹிப்பாவுக்கு உணர்கொம்பு குட்டை. செத்து ஒதுங்கியதைத் தின்னும். எமெரிட்டாவுக்கோ நீண்ட, இறகு போன்ற உணர்கொம்பு. கடலைப் பார்த்தபடி புதைந்துகொண்டு, திரும்பி ஓடும் நீரில் அதை விரித்து, மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்கிறது. ஒவ்வொரு அலையும் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு.

ஆனால் என்னைக் கிறங்கடிப்பது இதன் உலக வரைபடம். வளர்ந்த எலிப்பூச்சி வாழும் பட்டை சில அடி அகலம்தான். அதன் நீளமோ கண்டங்களின் கரை! ஒவ்வொரு கரைக்கும் ஓர் இனம்: அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் டல்பாய்டா, மெக்சிகோ வளைகுடாவில் பெனடிக்டி, பிரேசிலில் பிரேசிலியென்சிஸ், தென்னாப்பிரிக்கப் பக்கம் ஆஸ்ட்ரோஆப்ரிகானா. நம் மேற்குக் கரையின் ஹோல்துய்சிக்கு 1965-ல் பெயர் வைத்தவர் சங்கோலி. சென்னையில் நாம் அள்ளுவது எமெரிட்டஸ். பழைய ஆய்வுகளில் ஏசியாட்டிகா என்றிருப்பதும் இதுவே. ஐரோப்பாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அதே போல மணற்கரைகள் உண்டு, அங்கே இந்தப் பேரினமே இல்லை.

எல்லாவற்றிலும் அதிசயம் அனலோகா என்ற இனம். அமெரிக்காவின் பசிபிக் கரையில் வடக்கே குளிர்ந்த நீரிலும் இருக்கிறது, தெற்கே பெரு, சிலி பக்கமும் இருக்கிறது; நடுவிலுள்ள வெப்பக் கரை ரத்புனே என்ற வேறோர் இனத்துக்குச் சொந்தம். இளவுயிரிகள் மாதக்கணக்கில் நடுக்கடலில் மிதந்து அலைகின்றன என்பதை நினைத்தால் இந்தத் தாண்டல் கொஞ்சம் புரியும். 2002-ல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டது இன்னும் பெரிய செய்தி. அனலோகாவுக்கு நெருங்கிய சொந்தம் பக்கத்துக் கரையின் அமெரிக்க இனங்கள் அல்ல, நம் பக்கத்து ஆசிய இனங்கள்தானாம்! அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இடையில் கிடப்பது பசிபிக் பெருங்கடல் முழுவதும் அல்லவா!

நம் ஊரிலும் இதைப் பற்றி முதல்தரமான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. சுப்பிரமணியம், நம் கரை எலிப்பூச்சி முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறுவதை எழுதினார். ஓட்டின் நீளம் 3.5 மில்லிமீட்டர் இருக்கும்போதே ஆண் இனப்பெருக்கத்துக்குத் தயார். வளர வளர ஆண்தன்மை தேய்ந்து, 19 மில்லிமீட்டர் அளவில் பெண்ணாகிவிடுகிறது. அந்தப் பொடியனையும் இந்தப் பெரியவளையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த முறை பெசன்ட் நகர்ப் பக்கம் போனால் சுண்டலைச் சற்று ஓரம் வையுங்கள். அலை திரும்பும்போது ஈர மணலில் ஆங்கில 'வி' எழுத்துபோல் சின்னச் சின்ன நீர்க்கோடுகள் தெரியும். உணர்கொம்புகள் நீரைக் கிழிக்கும் தடம் அது. அங்கே கையை விடுங்கள். அடிவயிற்றில் ஆரஞ்சு நிற முட்டைகளோடு ஒன்று கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அதே ஈர மணலிலேயே விட்டுவிடுங்கள்.