எந்தப் பகையைச் சொல்கிறீர்கள்? – ‘கருக்கு’ ஒரு மறுவாசிப்பு

2022 மே 15ஆம் தேதி ரோமில் தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தபோது, காஞ்சிபுரத்துப் பக்கம் இருக்கிற எங்க பங்குக் கோயிலில் மூணு ஞாயிறு தொடர்ந்து ஒரே பிரசங்கம். 1745இல் ஞானஸ்நானம் வாங்கி, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட மனிதர். ‘பகைக்கு நடுவிலும் விசுவாசம்’ என்றார் சாமியார். அவர் சொன்ன பகை முழுக்க வெளியே இருந்தது. ராஜா, அதிகாரி, சேவகர்கள். தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை வத்திக்கானே நீக்கிவிட்டது. அதைப் பற்றி மூணு ஞாயிறிலும் ஒரு வார்த்தை இல்லை. கோயிலுக்குள்ளே யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் இல்லை.

அப்போதுதான் ‘கருக்கு’வை மறுபடி எடுத்தேன். 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்த பிரதி. தலித் தன்வரலாறு, பேச்சுமொழி, பெண்ணெழுத்து என்று நம் ஆய்வு மாணவர்கள் அதை அலசித் தள்ளிவிட்டார்கள். எல்லாம் சரிதான். ஆனா அதை விசுவாசத்தின் புத்தகமாக வாசித்தவர்கள் குறைவு. இடதுசாரித் தோழர்களுக்கு விசுவாசம் என்றாலே சங்கடம். பங்குச் சாமியார்களுக்கு இந்தப் புத்தகம் என்றாலே சங்கடம்.

பாமா ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பித்தான் கன்னியர் மடத்துக்குப் போகிறார். அங்கே என்ன பார்க்கிறார்? பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். கூட்டிப் பெருக்குவதற்கு நம் ஜனம். தாழ்த்தப்பட்ட பெண்களைச் சில சபைகள் சேர்ப்பதே இல்லை என்று பயிற்சிக் காலத்திலேயே காதில் விழுகிறது. ஏழு வருஷம் இருந்துவிட்டு வெளியே வருகிறார். வேலை இல்லை, காசு இல்லை, அடுத்த வேளை தெரியாது. யாரும் துப்பாக்கி நீட்டவில்லைதான். ஆனால் சோறும் கூரையும் மரியாதையும் தருகிற வீட்டைப் பொய் என்று சொல்லிவிட்டு இறங்கி வருவதற்கு வேண்டிய துணிச்சலை எந்தப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்? இதில் இன்னொன்று. மடத்தை விட்ட பாமா கடவுளை விடவில்லை. சாமியார்கள் சொல்லிக்கொடுத்த கடவுள் வேறு, ஏழைகள் பக்கம் நின்ற இயேசு வேறு என்று பிரித்துக் காட்டுகிறார்.

பகை அதோடும் நிற்கவில்லை. புத்தகம் வந்ததும் சொந்த ஊரே கோபப்பட்டது. ஏழு மாதம் ஊருக்குள் போக முடியவில்லை என்று பாமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படித்த இளவட்டங்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஊர் மனசு மாறியது.

எனக்கு இந்தப் புத்தகத்தோடு ஒரு சண்டையும் உண்டு. சுடுகாட்டுத் தகராறில் போலீஸ் வந்து அடித்து நொறுக்கும் பகுதியில், ஆம்பளைகள் ஒளிந்துகொள்ள, பெண்கள்தான் ஊரைத் தாங்குகிறார்கள். அங்கே எழுத்து அனல். ஆனால் கடைசிப் பக்கங்களில், மடத்தைப் பற்றிய நியாயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. காட்சி குறைந்து புலம்பல் ஏறுகிறது. ஆறாத காயம் அப்படித்தான் பேசும் என்று சமாதானம் சொல்லலாம். விமர்சகன் சொல்லாமல் விட்டால் அது சலுகை. சலுகை நமக்கு வேண்டாம்.

இந்த ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலில்லை. காஞ்சியில் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன், 1838இல் சென்னைப் பள்ளியில் பறையர் சிறுவர்களை வெளியேற்றச் சொன்னபோது மறுத்தார். மேல்சாதிப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் போகட்டும் என்று விட்டார். பாமா நெடுங்காலம் ஆசிரியையாக இருந்ததும் இங்கே பக்கத்தில், உத்திரமேரூர்ப் பகுதியில்தான். பத்தாம் நூற்றாண்டுக் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி ஜனநாயகம் என்று நாம் பீற்றிக்கொள்ளும் அதே உத்திரமேரூர். நிலமும் சொந்த வீடும் வேத அறிவும் இருக்கிறவன் பெயரைத்தான் அந்தக் குடத்தில் போட்டார்கள். அந்த மண்ணில் ஒரு தலித் பெண் கரும்பலகை முன்னால் நின்றது எந்தக் கல்லிலும் வெட்டப்படவில்லை.

நான் பத்து வயசில் கோர்வை இழுத்தவன். பட்டுத் தறியில் கரை சேர்க்க எதிர்ப்பக்கம் ஒரு பையன் வேண்டும். அந்தப் பையன் நான். தறிக்காரர் வீட்டில் பட்டைத் தொடலாம், பானையைத் தொடக்கூடாது. அம்மா வீட்டில் நூல் இழைத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. போன மாசம் ‘கருக்கு’வை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பெரியவர் ஒருத்தர் வடைப் பொட்டலத்தைக் கை படாமல் சரடைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கும் இடம் வந்தது. பாமா சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்துச் சிரிக்கிறார். அண்ணன்தான் விஷயத்தைச் சொல்கிறார்.

அம்மா சிரிக்கவில்லை. “நூல் கழியை மேலேர்ந்துதான் என் மடியில போடுவாங்க”ன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, “நிறுத்தாத, படி” என்றாள்.