காத்திவாக்கமும் ஜஃப்னாவும்

ராயபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "எங்கட ஊர் இங்கிலீசில எப்பவும் ஜஃப்னாதான், தம்பி. நீங்கள்தான் ஸ்பெலிங்கை மாத்திக்கொண்டே இருக்கிறியள்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் எதைச் சொல்கிறார் என்று தெரியும். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு மாற்றி ஆணை வெளியிட்டது. வேலூருக்கும் கோயம்புத்தூருக்கும் வந்த புது ஸ்பெலிங்கைப் பார்த்து ஊரே கேலி செய்தது. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. செய்த விதம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோக்கத்தில் என்ன குற்றம்? எழும்பூரை 'எக்மோர்' என்று எழுத வேண்டியிருக்கிற எரிச்சல் நமக்குத்தானே தெரியும்!

இலங்கையில் வழி வேறு. அங்கே ஒரே ஊருக்கு இரண்டு பெயர். பேசும்போது பருத்தித்துறை; ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் பாயிண்ட் பீட்ரோ. ஊர்காவற்றுறை கேய்ட்ஸ் ஆகிவிடும், ஆனையிறவு எலிஃபன்ட் பாஸ். ஐரோப்பியர் வாயில் திரிந்த ஜஃப்னாவையும் அவர்கள் விடமாட்டார்கள். 1981-ல் எரிக்கப்பட்ட அந்த ஊர் நூலகத்தை உலகம் அந்தப் பெயரில்தான் அறியும். அதற்கு மேல் அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துக்கூட்டலிலும் பழக்கம் வேறு. புதுக்கோட்டையின் 'ட்ட'வுக்கு நாம் டிக்கெட்டின் முதலெழுத்தை இரட்டிக்கிறோம். அவர்கள் வட்டுக்கோட்டைக்கு டாக்டரின் முதலெழுத்தை இரட்டிக்கிறார்கள். திருநெல்வேலி இரு நாட்டிலும் உண்டு; அவர்களுடையது ஆங்கிலத்தில் 'ஒய்'யில் முடியும், நம்முடையது 'ஐ'யில். பழைய பெயரை விடாததில் மட்டும் இருவரும் ஒன்று: இங்கே மெட்ராஸ் ஹைகோர்ட், அங்கே பேங்க் ஆஃப் சிலோன்.

யாழ்ப்பாணம் போய்வந்த என் தங்கை மகன் அனுப்பிய படத்தில் ஒரு பெயர்ப்பலகை: தமிழில் யாழ்ப்பாணம், சிங்களத்தில் யாபனய, ஆங்கிலத்தில் ஜஃப்னா. மூன்று மொழி, மூன்று பெயர். எங்கள் ஊரான காத்திவாக்கத்தின் ரயில் நிலையத்து மஞ்சள் பலகையைப் பாருங்கள். தமிழ், இந்தி, ஆங்கிலம், மூன்றிலும் காத்திவாக்கம்தான். ஆங்கிலத்தில் நெடில் தெரியாது. வெளியூர்க்காரர் 'கத்திவக்கம்' என்று படிப்பார். படிக்கட்டும், பெயர் நம்முடையது. புரசைவாக்கத்தின் வாக்கத்தைச் சிதைத்த வெள்ளைக்காரர்கள் எங்கள் வாக்கத்தில் கைவைக்கவில்லை.

என் மனக்குறை வேறு. ஆங்கில வாக்கியங்களில் காத்திவாக்கம் வருவதே இல்லை, எங்கள் பகுதியில் நடப்பதெல்லாம் எண்ணூர் பெயரில்தான். 2017-ல் மூடிய அனல்மின் நிலையமும் எண்ணூர், 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் படகும் வலையும் கறுத்ததும் எண்ணூர். நம் பிள்ளைகளும் 'ஐயாம் ஃப்ரம் எண்ணூர்' என்று முடித்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்காரர் ஜஃப்னா என்றால் அதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. நம் பிள்ளைகள் சொல்வதில் அவசரம்தான் இருக்கிறது.

காத்திவாக்கம் தனி நகராட்சியாக இருந்த ஊர். 2011-ல்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. வேலை விண்ணப்பமோ பாஸ்போர்ட்டோ, ஆங்கிலத்தில் ஊர் எது என்று கேட்டால் காத்திவாக்கம் என்றே முழுதாக எழுதுங்கள்.